திறந்த வாயில்

கல்வி மக்கட்கு இன்றியமையாதது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், அதனை எங்கே, எவ்வாறு பெறுவது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. கைப்பேசியும் இணையமும் பாடத்தை வீட்டிற்கே கொண்டுவரும் இந்நாளில், "இனி அரசுப் பள்ளிகள் எதற்கு? பெற்றோர் தாம் விரும்பியவாறு வீட்டிலோ வேறிடத்திலோ பிள்ளைகளைப் பயிற்றலாகாதோ?" என்று வினவுவாரும் உளர். இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளுதல் முறையன்று. அரசு பள்ளி நடத்தாத காலத்தில் நம் நாட்டிற் கல்வி எவ்வாறு நடந்தது என்பதை அறிவோமாயின், விடை காண்டல் எளிதாகும்.

அக்காலத்தில் ஊர்தோறும் கல்வி வளர்த்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ மரநிழலிலோ பிள்ளைகளை இருத்தி எழுத்தறிவிப்பார். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதுவர். பின்னர் ஓலையில் எழுத்தாணியால் எழுதுவர். ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி முதலியன மனப்பாடமாகும். கற்றலில் முந்திய மாணவன் சட்டாம்பிள்ளையாகி ஏனையோர்க்குப் பாடஞ் சொல்லுவான். பெற்றோர் அளிக்கும் நெல்லும் காசுமே ஆசிரியர்க்கு ஊதியம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் இல்லத்தில் அதனைப் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் மேற்கொண்டு, 1797 இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்திலும் பரவிற்று.

இத்துணைச் சிறப்பிருந்தும் திண்ணைக் கல்வி யார் யார்க்கு எட்டியது? சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமசு மன்றோ 1822 இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826 இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவருட் பெண்மக்கள் 4,540 பேரே. நூற்றுவரில் மூவர்கூட இல்லை! தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோர்தம் பிள்ளைகட்கும் பெரும்பாலும் அத்திண்ணையில் இடம் கிடைத்திலது. வீட்டிலேயே கற்றவரும் பலர் இருந்தனர்; ஆயின், கற்பிக்கவல்ல பெற்றோரும், ஆசிரியரை அமர்த்தும் பொருளும் உடைய வீடுகளிலேயே அஃது இயன்றது. கல்வி பெற்றோரின் விருப்பத்திற்கும் செல்வத்திற்கும் விடப்பட்டபோது விளைந்த பயன் இதுவே.

இக்குறையைக் களைய வந்ததே பொதுப்பள்ளி. பசித்த வயிறு பாடங் கேளாது என்றுணர்ந்த காமராசர், 1956 இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகட்குக் கட்டணமின்றிக் கல்வி பெறுதல் உரிமையென 2009 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. இன்னார் மகன், இன்னார் மகள் என்று வினவாமல் திறந்திருக்கும் வாயிலே பொதுப்பள்ளியின் பெருமை.

ஆயினும் அப்பள்ளியிலும் குறையுண்டு எனச் சான்றோர் எடுத்துக்காட்டினர். நான்கு சுவர்க்குள் அடைபட்ட கல்வியை விரும்பாத இரவீந்திரநாத தாகூர் 1901 இல் சாந்திநிகேதனத்தில் மரநிழற் பள்ளி கண்டார். கைத்தொழிலின் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியை 1937 இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்தார். இவான் இல்லிச் என்பாரோ, பள்ளி என்னும் அமைப்பே வேண்டாவென 1971 இல் நூலெழுதினார். பள்ளிக்கு நாடோறும் செல்லவியலாதவர் தேர்வெழுத 1989 இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி தோன்றிற்று. இவர்கள் காட்டிய குறைகள் பொய்யல்ல. நெட்டுருவும் மதிப்பெண்ணுமே கல்வியென மயங்கும் பள்ளி இவற்றினின்று கற்கவேண்டியது மிகுதி.

பள்ளியின்றிக் கற்றல் எல்லார்க்கும் இயலுமோ என்பதை 2020 இல் வந்த பெருந்தொற்று காட்டிற்று. பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் கருவிவழி வந்தது. கருவியுள்ள பிள்ளை கற்றது. இல்லாத பிள்ளை கற்றதையும் மறந்தது. அப்பிள்ளைகட்காகவே 2021 இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாலைதோறும் தன்னார்வலர் தம் தெருவிலேயே 1 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளை அமர்த்திப் பாடஞ் சொல்லினர். பழைய திண்ணையே மீண்டும் வந்தது. ஆனால், இம்முறை காசும் குலமும் கேளாத திண்ணையாக வந்தது.

மாணவர்களே! நாளைய பள்ளி சுவரின்றி அமையலாம்; கரும்பலகை மறையலாம்; கற்பிக்கும் முறை மாறலாம். மாற்றங் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. புதிய முறை எதுவாயினும், "இதனால் வாயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளை யார்?" என்று முதலிற் கேளுங்கள். அப்பிள்ளையையும் உள்ளழைக்கும் கல்வியே நாட்டிற்கு நலந்தரும் கல்வியாம்.