உங்களுக்குத் தெரியுமா? விண்மீன்களும் அதிர்கின்றன!

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம்; ஒலியே உள்ளிருக்கும் விரிசலைச் சொல்லிவிடும். விண்மீனின் உள்ளே இருப்பதையும் அதன் அதிர்வே சொல்கிறது.

● சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் லெய்டன் இதைக் கண்டறிந்தார்.

● இந்த அதிர்வுகளை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக வானியற்பியலாளர் யோர்கன் கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்ட். 1950இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர்.

● சூரியனின் உள்ளே வெப்பக் கொந்தளிப்பு நிகழும் வெளிப்பகுதி, ஆரத்தில் 28.7 சதவீதம் வரை நீள்கிறது. அதாவது சுமார் 2 லட்சம் கி.மீ. ஆழம். 1991இல் அதிர்வுகளைக் கொண்டு இதைத் துல்லியமாகக் கணித்தவர்கள் இவரும் இவருடைய குழுவினரும்தான்.

● இவர் எழுதிய 'அடிப்ல்ஸ்' என்ற மென்பொருளுக்கு விண்மீனின் உள்ளமைப்பு மாதிரியைக் கொடுத்தால், அந்த விண்மீன் எந்தெந்த அதிர்வெண்களில் அதிரும் என்று கணக்கிட்டுத் தரும். தொலைநோக்கி அளந்த அதிர்வெண்களோடு அவை பொருந்தினால் மாதிரி சரி. இல்லையெனில் மாதிரியைத் திருத்த வேண்டும். உலகெங்கும் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

● கெப்ளர் விண்தொலைநோக்கி பதிவுசெய்த அதிர்வுகளைக் கொண்டு, 5 கோள்களை உடைய கெப்ளர்-444 விண்மீனின் வயது சுமார் 1,120 கோடி ஆண்டுகள் என 2015இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்விலும் இவர் பங்கேற்றார்.

● 2022இல் கானி ஏர்ட்ஸ், ரோஜர் உல்ரிச் ஆகியோருடன் வானியற்பியலுக்கான காவ்லி பரிசைப் பகிர்ந்துகொண்டார்.