பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது?

அரூரில் சொந்தமாகக் கடை வைக்க முன்வரும் நம் பிள்ளைகள், கடன் கைக்கு வந்த பிறகும் தயங்கி நிற்கிற இடம் ஒன்று உண்டு. அது பெயர்ப் பலகை. தாத்தா பெயரை வைக்கலாமா, அண்ணல் படத்தை மாட்டலாமா, வீடு எங்கே என்று கேட்டால் காலனி என்று சொல்லலாமா? யோசித்து யோசித்து, எதையும் காட்டிக்கொடுக்காத ஓர் ஆங்கிலப் பெயரைப் பலரும் எழுதிவிடுகிறார்கள். தொழில் என்றால் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 2012 நவம்பர் 7 அன்று நத்தமும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்த மாவட்டம் இது. ஆனால் அந்தப் 'பொது' யாருடைய பொது? ஊருக்குள் இருப்பவர் குலதெய்வத்தையும் சாதிப் பட்டத்தையும் பலகையில் எழுதினால் அது பாரம்பரியம். நாம் அம்பேத்கர் படத்தை மாட்டினால் மட்டும் கடைக்குள் அரசியல் நுழைந்துவிடுகிறது.

மறைத்தால் தொழில் தப்பிக்குமா என்பதற்கு அம்பேத்கரே சாட்சி. கொலம்பியாவில் பட்டம் பெற்று, லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர், பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்ததும் தொழில் படுத்துவிட்டது. 1918இல் சிடன்ஹாம் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கும் சக பேராசிரியர்கள் அவர் தங்கள் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்றார்கள். கோட்டும் ஆங்கிலமும் பானை வரைகூட உதவவில்லை.

அதற்கும் 25 ஆண்டுகள் முன்பே, சென்னையில் ஒருவர் மறைக்க மாட்டேன் என்று தொழிலில் இறங்கினார். இரட்டைமலை சீனிவாசன். நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர். வரவு செலவும் பதிவேடும் கைவந்தவர். 1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கியபோது, எந்தச் சொல்லால் நம்மை இழிவு செய்தார்களோ அதையே அதன் பெயராக வைத்தார்: 'பறையன்'. 4 பக்க மாத இதழ். முதல் இதழுக்கு ஆன செலவு 10 ரூபாய். இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் வார இதழானது. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சகமும் வந்தது. கணக்கை அவர் விடவில்லை, முகமூடியைத்தான் விட்டார்.

அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிறர் சூட்டிய இழிபெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் 1907இல் தொடங்கிய இதழின் பெயரைப் பாருங்கள்: 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்தார்! இன்றைய விளம்பரக்காரர் யாரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. பெயரில் இருவரும் ஒத்துப்போகவில்லை. பெரிய மனிதர்களின் பத்திரிகை போலத் தங்கள் பத்திரிகையைக் காட்டிக்கொள்ள இருவருமே முயலவில்லை.

இப்போதும் ஆட்கள் உண்டு. 2015இல் மராட்டியத்தில் மாட்டிறைச்சித் தடை வந்து தோல் தொழிலாளர்கள் பிழைப்பு இழந்த பிறகு, மும்பையில் சுதீர் ராஜ்பர் அவர்களோடு சேர்ந்து மறுசுழற்சி ரப்பரில் பை தைக்கத் தொடங்கினார். வசையாக வீசப்பட்ட சாதிப் பெயரே நிறுவனத்தின் பெயர்: 'சமார் ஸ்டுடியோ'. சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்று பெயரிட்டு ஊறுகாயும் மசாலாவும் விற்க வந்தார். பையைவிட ஊறுகாய்க்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும். நம் கை பட்ட சோறு எப்படிப் பார்க்கப்படுகிறது என்பது சத்துணவுக்கூடச் சமையலில் நம் பெண்களுக்குத் தெரியும்.

அதற்காகத் தொழில் ஒழுங்கு எல்லாமே அடுத்தவன் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. பறையடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சாவுச் சேதி வந்தால் போய்த்தான் ஆக வேண்டும், கொடுத்ததை வாங்க வேண்டும், கூடவே சாராயம் என்று இருந்த ஊர்க் கட்டாயம் அது. இன்று குழு அமைத்து, ரேட் பேசி, அட்வான்ஸ் வாங்கி, சீருடையில் மேடை ஏறும் இளைஞர்களுக்கு அந்த ரசீதுப் புத்தகம்தான் சுயமரியாதை. எடை, கணக்கு, சொன்ன நாளில் சரக்கு ஆகியவை நமக்கானவை. நுனிநாக்கு ஆங்கிலமும், பேச்சில் நம் தெருவை மறைக்கும் பாடும் யாருக்காக?

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் வரை உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் பெயரில் வந்த பணத்தில் கடை போட்டுவிட்டு, அவர் படத்தைக் கல்லாவுக்குள் வைக்கிறோம்.

மாட்டிப் பாருங்கள். படத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களையும், படத்தைப் பார்த்தே உள்ளே வருகிறவர்களையும் ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.