முதியோர் பராமரிப்பாளர் பயிற்சி

முதியோர் பராமரிப்பாளர் பயிற்சி என்பது, பிறர் துணையின்றி அன்றாடத் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள இயலாத முதியோரை முதியோர் இல்லங்களிலோ வீடுகளிலோ நீண்டகாலம் கவனிக்கும் பணியாளருக்கு அளிக்கப்படும் பயிற்சி ஆகும். மருத்துவர் சில நிமிடங்களே முதியவரைப் பார்ப்பார். குளிப்பாட்டல், உணவூட்டல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லல் ஆகியவற்றைச் செய்பவர் பராமரிப்பாளரே. உடல்நிலை மாற்றத்தை முதலில் காண்பவரும் பெரும்பாலும் அவரே.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினரும் 60 அகவையைக் கடந்தவர்கள். 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற அளவில் தொடங்கி, வறிய முதியோர் 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று அது கூறவில்லை. இச்சட்டத்தின்படி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர் தலைமை வகிக்கிறார். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது. ஆனால் இல்லப் பணியாளர் எத்தனை மணிநேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று இச்சட்டம் குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டுச் சட்டம் செவிலி உதவியாளருக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில்

முதியோர் மருத்துவத்தில் சென்னை முன்னோடியாகும். மருத்துவர் வி. எஸ். நடராசனின் முயற்சியால் 1978 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான பட்டமேற்படிப்பு வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 இல் திறக்கப்பட்டது. இவை பெரிதும் மருத்துவர்களை உருவாக்கும் அமைப்புகள். 'ஆயா' என்று அழைக்கப்படும் பணியாளர் பலர் உடன் வேலை செய்பவரைப் பார்த்தே தொழிலைக் கற்கின்றனர். நடுவண் அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம், முதியோர் பராமரிப்பில் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு முதல் ஓராண்டுப் பட்டயப் படிப்பு வரை நடத்தி வந்துள்ளது.

கற்பிக்கப்படுபவை

படுக்கைப் புண் தடுப்பு அடிப்படைப் பாடமாகும். அசையாமல் படுத்திருப்பவரின் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகுகிறது. பொதுவாக இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கப் பயிற்றுவிக்கின்றனர். புண்ணின் முதல் அறிகுறி, விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு என்று நூல்கள் கூறும். கருமை நிறத் தோலில் இச்சிவப்பு எளிதில் தெரியாது. எனவே தொட்டுப் பார்த்து வெப்பம், கடினத்தன்மை ஆகியவற்றை உணரவும் கற்பிப்பது நம் நாட்டில் இன்றியமையாதது.

உணவூட்டலும் இடர் மிக்கது. பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தவருக்குப் படுத்த நிலையில் கஞ்சி புகட்டினால், அது மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, சிறிது சிறிதாக ஊட்டி, உண்டபின் அரைமணி நேரமாவது அதே நிலையில் வைத்திருத்தல் வேண்டும். தண்ணீர் போன்ற நீர்மங்களே இவர்களுக்குக் கெட்டியான உணவைவிட விழுங்கக் கடினமானவை என்பது பலர் அறியாதது.

நேற்றுவரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று திடீரெனக் குழம்பினால் அதனை 'வயதுக் கோளாறு' என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, புதிய மருந்து போன்றவை காரணமாக இருக்கலாம். உடனே செவிலியருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

மறதிநோயாளர் பராமரிப்பு

பிரித்தானிய உளவியலாளர் தாம் கிட்வுட், 1997 இல் வெளியிட்ட நூலில், மறதிநோயாளரை ஏமாற்றுதல், குழந்தைபோல் நடத்துதல், அவர் இருக்கும்போதே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுதல் ஆகியவை அவரது நிலையை மோசமாக்கும் என விளக்கினார். தமிழ்நாட்டில் 'பாட்டி', 'தாத்தா' என்று அழைப்பது மரியாதையாகவே கருதப்படுகிறது. எனினும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 'ஐயா' என்ற அழைப்பையே விரும்பக்கூடும். கேட்டறிந்து அழைப்பதே நல்லது.

மறதிநோயாளர் அடிப்பதும் கத்துவதும் பல வேளைகளில் வலி, பசி, மலச்சிக்கல், அச்சம் ஆகியவற்றின் வெளிப்பாடு. காரணம் தேடப் பயிற்சி இல்லாத இடத்தில் கையைக் கட்டிவைப்பது வழியாகி விடுகிறது. கட்டுவதால் கீழே விழுந்து அடிபடுவது குறைவதும் உறுதியில்லை. தசை மெலிவும் படுக்கைப் புண்ணும் மிகும்.

பிற நாடுகளில்

யப்பான் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பராமரிப்புப் பணிக்குத் தேசியத் தகுதி ஒன்றை உருவாக்கியது. 2000 இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கியது. செருமனியில் மூன்றாண்டு முதியோர் பராமரிப்புப் படிப்பு தனியாக இருந்தது. 2020 முதல் அது பொதுச் செவிலியர் கல்வியுடன் இணைக்கப்பட்டது. இவ்விரு நாடுகளும் ஆள் பற்றாக்குறையால் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து பணியாளரை வரவேற்கின்றன.