"கொஞ்சூண்டு நெய்தானே, என்ன ஆயிடும்?"

பால் அலர்ஜி இருக்கும் குழந்தையோட அம்மா அப்பா அடிக்கடி கேட்கிற வசனம் இது. சொல்றது பெரும்பாலும் பாட்டிதான், பாசத்துலதான். நிறைய பேர் இதை லாக்டோஸ் பிரச்சினைன்னு நினைச்சுக்கறாங்க. அது வேற. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காம வயிறு உப்பும், அவ்ளோதான். அலர்ஜியில, கேசீன் மாதிரி பால் புரதத்தையே உடம்பு எதிரின்னு முடிவு பண்ணிடுது. நம்ம பாஷையில சொன்னா ஃபால்ஸ் பாசிட்டிவ். அதனால லாக்டோஸ் இல்லாத பால் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. நெய்யிலயும் துளி புரதம் மிச்சம் இருக்கும்.

பல குழந்தைகளுக்கு ஸ்கூல் போற வயசுக்குள்ள சரியாயிடும். சிலருக்கு ஆகாது. "இன்னுமா சரியாகல?"ன்னு கேட்டா அந்த அம்மா என்னதான் சொல்வாங்க? வீட்லயே கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம்னு மட்டும் இறங்காதீங்க. அந்த டெஸ்ட் ஆஸ்பத்திரியில, டாக்டர் முன்னாடி நடக்கணும்.

மூச்சு வாங்குது, குரல் மாறுது, குழந்தை துவண்டு போகுதுன்னா அலர்ஜி மாத்திரை போதாது, அது அரிப்பைத்தான் குறைக்கும். அப்போ தேவை தொடையில போடுற அட்ரினலின் ஊசி. பேனா மாதிரி ரெடிமேட் ஊசி நம்ம ஊர்ல சுலபமா கிடைக்காது. அதனால எடைக்கு ஏத்த அளவை டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, போடவும் கத்துக்கோங்க. போட்டதும் 108. அந்தச் சீட்டோட காப்பி ஒண்ணு ஸ்கூல்ல, இன்னொண்ணு பாட்டி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல.