ஒரு ஆட்டத்துக்கு வந்தவர்கள்

கோயம்புத்தூர் புலியகுளம் பக்கம் இருந்த பட்சிராஜா ஸ்டூடியோவில் 1950-இல் ஒரு பிரெஞ்சு நாவல் தமிழ்ப் படமானது. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கியிருந்தார். அதே பெயரில் கே. ராம்நாத் படத்தை இயக்கினார். சித்தூர் வி. நாகையா கதாநாயகன். அவரை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக வந்த சீதாராமன், அன்றிலிருந்து கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான். அந்தப் படத்தில் திருவிதாங்கூரிலிருந்து வந்த மூன்று அக்கா தங்கைகளும் நடித்தார்கள்: லலிதா, பத்மினி, ராகினி.

அதற்கு முன்பே தமிழ் ரசிகர்களுக்கு இவர்களைத் தெரியும். ஆனால் நடிகைகளாக அல்ல.

1940-களின் தமிழ்ப் படங்களில் நாட்டியம் தனிச் சரக்கு. கதை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஒரு ராஜசபையோ, ஒரு நாடகக் கொட்டகையோ, ஒரு கனவோ வரும். இரண்டு பெண்கள் ஆடிவிட்டுப் போவார்கள். அந்தக் காட்சியை வெட்டி எடுத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது, வசூலுக்குத்தான் ஆகும். அண்ணாவின் கதையில், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில் ஜுபிடர் நிறுவனம் 1949-இல் எடுத்த 'வேலைக்காரி' சமூகத்தைக் கேள்வி கேட்ட படம். அதில்கூட லலிதா–பத்மினி ஆட்டம் உண்டு. இப்படி ஆடிவிட்டுப் போவதிலேயே காலம் முடிந்துபோன நாட்டியப் பெண்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

பத்மினி பிறந்தது 1932 ஜூன் 12, திருவனந்தபுரம் பூஜப்புரையில். கூட்டுக்குடும்பம். வீட்டின் பெயர் 'மலேயா காட்டேஜ்'. கடல் கடந்து போன உறவுகளின் அடையாளம். குரு கோபிநாத்திடமும் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடமும் ஆட்டம் கற்றார். முதலாமவரிடம் கதகளி வழி வந்த முகபாவம், இரண்டாமவரிடம் தஞ்சாவூர் மரபின் பரதம். இந்தச் சேர்மானம்தான் பின்னால் காமிராவுக்கு முன் அவருக்குக் கைகொடுத்தது என்று சொல்லலாம். காமிரா பக்கத்தில் வந்துவிட்டால் காலைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

சினிமாவுக்கு அழைத்து வந்தவர் உதயசங்கர். நடனத்தையே கதையாக வைத்து அவர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' 1948-இல் வெளியானபோது பத்மினிக்குப் பதினாறு வயதுகூட இருக்காது. அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் யார் தெரியுமா? இரண்டு வருஷம் கழித்துக் கோவையில் 'ஏழை படும் பாடு' இயக்கிய அதே ராம்நாத். பத்மினியின் முகத்தை லென்ஸ் வழியாக முன்பே பார்த்துவைத்தவர்.

கோவை ஏன் படம் பிடிக்கும் ஊரானது? இந்த ஊர் என்றால் பஞ்சாலை, அடுத்தது சினிமா. ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுப் படச்சுருளும் புரொஜெக்டருமாக ஊர் ஊராகச் சுற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். 1930-களில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. பைக்காரா மின்சாரமும் மில் பணமும் கையில் இருந்தன. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' அங்கேதான் உருவானது.

சென்ட்ரல் ஸ்டூடியோவில் பங்காளியாக இருந்து பிரிந்து வந்து பட்சிராஜாவை நடத்தியவர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. ஒரே கதையைப் பல மொழிகளில் எடுத்து விற்பதில் கைதேர்ந்தவர். 'மலைக்கள்ளன்' அவரிடம் ஆறு மொழிகள் பேசியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருக்கு, மலையாளம் தாய்மொழியாகவும் தமிழ் ரசிகர்களிடம் பெயரும் உள்ள சகோதரிகள் எவ்வளவு பயன்பட்டிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 1950-இல் 'பிரசன்னா' என்ற மலையாளப் படத்தில் மூவரும் நடித்தார்கள். எழுத்தாளர் லட்சுமியின் 'காஞ்சனையின் கனவு' நாவல் 1952-இல் 'காஞ்சனா' ஆனது. அதில் லலிதாவும் பத்மினியும். இவை ஆடிவிட்டுப் போகும் வேடங்கள் அல்ல. அழுகை, கோபம், வசனம் எல்லாம் உண்டு.

சென்னையிலும் அதே நேரத்தில் கதவு திறந்தது. என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' 1951-இல் பத்மினியைக் கதாநாயகியாக நிறுத்தியது. அடுத்த வருஷம் அவரே எடுத்த 'பணம்' படத்தில் சிவாஜி கணேசனோடு முதல் ஜோடி. சிவாஜிக்கு அப்போது 'பராசக்தி' மட்டுமே முடிந்திருந்தது.

பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை. 1957-இல் இந்திய–சோவியத் கூட்டுத் தயாரிப்பான 'பர்தேசி'. 1958-இல் எஸ்.எஸ். வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. அதில் வைஜயந்திமாலாவோடு நடந்த ஆட்டப்போட்டியில் ஜெயித்தது யார் என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1959-இல் சிவாஜியோடு மறுபடி பட்சிராஜாவுக்கு வந்து 'மரகதம்'. டி.எஸ்.டி. சாமியின் 'கருங்குயில் குன்றத்துக் கொலை' நாவல்தான் அது. ஒருகாலத்தில் ஆட்டத்துக்காக மட்டும் அழைக்கப்பட்டவருக்காக இப்போது கதையே நடந்தது.

1961-இல் டாக்டர் ராமச்சந்திரனை மணந்தார். வழக்கமாக இந்த இடத்தில் நடிகையின் கதை முடிந்துவிடும். இவர் 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' ஆடினார். ஆட்டக்காரியே கதையின் மையம். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர், ஏ.பி. நாகராஜன் இயக்கம். சிவாஜியின் விரல்களுக்குப் பின்னால் ஒலித்தது மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம். பத்மினியின் ஆட்டத்துக்கோ இரவல் தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் நாட்டியப் பள்ளி நடத்தினார். 1985-இல் 'பூவே பூச்சூடவா'வில் நதியாவின் பாட்டியாகத் திரும்பி வந்தார். காலில் சலங்கை இல்லாத வேடம். தங்கை ராகினி 1976-இலும் அக்கா லலிதா 1982-இலும் போய்விட்டார்கள். பத்மினி 2006 செப்டம்பர் 24 அன்று சென்னையில் காலமானார். 'கல்பனா'வின் பழுதுபட்ட பிலிமைச் செப்பனிட்டு 2012-இல் கான் விழாவில் திரையிட்டார்கள். ராம்நாத் படம் பிடித்த அந்தச் சிறுமி அதில் ஆடுகிறாள்.