சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் நம் வீட்டு ஆன்டெனாவும்

தொலைக்காட்சி இல்லாத வீடே இல்லை எனலாம் என்னும் இந்நாளில், அது நம் மாநிலத்திற்கு வந்த வரலாற்றை நம்மில் பலர் அறியோம். இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. அடுத்த நிலையமாகிய பம்பாய் 1972-இல்தான் வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15, சுதந்திர தினத்தன்று தொடங்கப்பெற்றது. அதே மாதத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் சோதனையும் நடைபெற்றது. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆகவே சென்னைக்கு அப்பாலிருந்த தமிழ்க் கிராமங்கள் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

சென்னை நிலையம் கடற்கரையை அடுத்த சுவாமி சிவானந்தா சாலையில் உள்ளது. அதன் வேலையைச் சுருக்கமாகக் காண்போம். படப்பிடிப்புக் கூடத்தில் இரண்டு மூன்று காமிராக்கள் ஒரே காட்சியை வெவ்வேறு கோணத்தில் பிடிக்கும். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் தயாரிப்பாளர், எந்தக் காமிராவின் படம் வெளியே போக வேண்டும் என்பதை நொடிக்கு நொடி தீர்மானிப்பார். காமிரா ஒரு படத்தை 625 கோடுகளாக அரிந்து மின்குறிகளாக மாற்றுகிறது; நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 15,625 கோடுகள்! இவ்வளவு செய்தியையும் சுமக்க ஓர் அலைவரிசைக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மத்திய அலை வானொலி நிலையம் ஒன்றுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் போதும். அதாவது எழுநூறுக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்கள் உட்காரக்கூடிய இடத்தை ஒரு தொலைக்காட்சி எடுத்துக்கொள்கிறது.

இதனால்தான் தொலைக்காட்சிக்கு உயர் அதிர்வெண் அலைகள் தேவைப்பட்டன. அங்கேதான் கிராமத்தானுக்கு இடி விழுந்தது. மத்திய அலை இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். தொலைக்காட்சி அலையோ ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. பூமியின் வளைவைத் தாண்டாது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர்க் கோபுரம் என்றால் 41 கிலோமீட்டர். வீட்டின்மேல் 9 மீட்டர்க் குழாய் நட்டால் இன்னும் 12 கிலோமீட்டர் கூடும். அவ்வளவுதான். சென்னையில் என்ன காட்டினாலும் இராமநாதபுரத்திற்கு அது எட்டாக்கனி.

ஆனால் எங்கள் கடற்கரைப் பக்கத்தில் வேறொரு விந்தை நிகழ்ந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியது. அதன் முக்கிய ஒளிபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலைமேல் இருந்தது. மேற்சொன்ன கணக்குப்படி அது 207 கிலோமீட்டர்தான் எட்ட வேண்டும். கடல்மேல் வெப்பக் காற்று ஓர் அடுக்காகப் படியும் நாட்களில் அலை அந்த அடுக்கில் வளைந்து இன்னும் தொலைவு வரும். ஆக, தமிழ்நாட்டின் தென்கோடி மக்கள் பலர் முதன்முதலில் பார்த்தது கொழும்பை, சென்னையை அன்று. மொழி புரியாத சிங்கள நாடகத்தையும் இடையிடையே வந்த தமிழ் நிகழ்ச்சிகளையும் உயரமான இரும்புக் குழாயும் பூஸ்டரும் வைத்துப் பார்த்தார்கள்.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். யாகி ஆன்டெனா பற்றி எங்கள் விரிவுரையாளர் பாடம் நடத்திய அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னேன். "அதான் தெரியுமே. தென்கிழக்கே திருப்புனா ரூபவாகினி. கொடைக்கானல் வந்தப்புறம் உங்க மாமா கூரைமேல ஏறி வடமேற்கே திருப்புனாரு" என்றார். திசையுணர் ஆன்டெனாவின் தத்துவம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது! தொலைக்காட்சியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். முதலில் ஒரு பெரிய வீட்டின் சன்னலுக்கு வெளியே நின்றாராம். பஞ்சாயத்து அலுவலகத்தில் பெட்டி வைத்த பிறகுதான் உட்கார்ந்து பார்த்தாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடைக்கானல் ஒளிபரப்பி 1980-களின் பிற்பகுதியில் வந்தது. மலையின் உயரம் சுமார் 2,100 மீட்டர்; கணக்கைப் போட்டால் 189 கிலோமீட்டர். மதுரை, நெல்லை, இராமநாதபுரம் எல்லாம் ஒரே வீச்சில் அடங்கின. சென்னையின் 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி', வெள்ளிக்கிழமை மாலையின் 'ஒளியும் ஒலியும்' ஆகியவை அதன்பின் எங்கள் பக்கத்துக்கும் சொந்தமாயின. திரைப்பாடல்களுக்காகத் தெருவே வெறிச்சோடியதைப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியே அந்நிலையத்தின் சிறந்த பணி என்று தோன்றுகிறது. விதைநேர்த்தி செய்யும் முறையை எழுத்துத் தெரியாத விவசாயி கண்ணால் கண்டு கற்க வேறு வழி அன்று ஏது?

இடையில் 1976-இல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தது. 1982-இல் வண்ணம் வந்தது. 1997-இல் நிர்வாகம் பிரசார் பாரதியின் கீழ்ச் சென்றது. பொதிகை என்று பெயர் பெற்ற தமிழ் அலைவரிசை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆயிற்று. தரையிலிருந்து ஒளிபரப்பிய பழைய அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. குழாய் நட்டால் இலவசமாகப் படம் தெரிந்த காலம் அத்துடன் முடிந்தது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பர் முதல் இருக்கிறது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணம் கிடையாது. ஆயினும் எங்கள் தெருவில் பெரும்பாலோர் மாதந்தோறும் கேபிளுக்குப் பணம் கட்டுகிறார்கள். இப்படியொரு வசதி இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த விடுமுறையில் நான் நாலு வீடுகளில் சொல்லியிருக்கிறேன்; ஒரு வீட்டில் தட்டு வாங்கிவிட்டார்கள்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்