தொட்டிக்குள் ஒரு கடல்

திருகோணமலையில் ஆசிரியராயுள்ள நண்பரொருவர், ஆயிரம் லீற்றர் கடல்நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் உயிர் முருகை வளர்த்து, எம்மீன்களை அதில் ஒருங்கே விடலாம் என வினவினார். அழகு நோக்கித் தேர்ந்த பன்னிரண்டின் பட்டியலும் வைத்திருந்தார். முதற்பெயர் வண்ணாத்தி மீன். அந்தோ, அவ்வினத்துட் பல முருகையையே கொத்தித் தின்பவை! அடுத்தது சிங்க மீன். அதன் செட்டைகளின் எழிலுக்கு நானும் அடிமைதான். ஆயினும் வாய்க்குள் அடங்கும் மீனெதுவும் அதற்கு இரையே.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் இவை அயலயலாக வாழவில்லையா என்றார். அங்கே துரத்தப்பட்ட மீன் ஒளிந்துகொள்ளக் கடலுண்டு. இங்கே திரும்புமிடமெல்லாம் கண்ணாடி. வாலடியிற் கத்திபோன்ற முள்ளும் மஞ்சள் முதுகுச் செட்டையுமுடைய அந்த நீலமீன் தன்னினத்ததைக் கண்டாற் பொறாது. ஆதலால் ஒன்றே போதும். அதனையும் ஏனையவை குடியமர்ந்தபின் இறுதியாகவே விடல்வேண்டும். கோமாளி மீனில் அத்தொல்லையில்லை. இளையன இரண்டை விட்டால் பெரியது பெண்ணாகும். பெண் மாண்டால் ஆணே பெண்ணாய் மாறும். இயற்கையின் விந்தைதான் என்னே!

பன்னிரண்டில் எஞ்சியவை நான்கு. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அந்நான்கில் ஒன்றையேனும் அங்கிருந்து எடுத்தலாகாது என்பதையும் அவரிடம் சொல்லிவைத்தேன்.